மீஞ்சூரிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலம் வரை

கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் மீஞ்சூரில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் பலர் கையில் சோற்றுத் தூக்கு இருக்கும். அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் கிடங்குகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். இன்னும் சிலர் வடகாஞ்சி என்று பெயர் பெற்ற இந்த ஊரில் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசிக்க வந்தவர்கள். திமிங்கிலத்தைத் தேடி இங்கே இறங்குகிறவர் அபூர்வம். ஆனாலும் தமிழ்நாட்டில் கடலின் பெரிய உயிர்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் பயணத்தை இந்த ஊரிலிருந்து தொடங்குவதற்கு நியாயம் இருக்கிறது. எண்ணூர்க் கதை வரும்போது அது விளங்கும்.

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு. லாரிகளின் புழுதி பொன்னேரியோடு குறைந்துவிடுகிறது. வயல், சவுக்குத் தோப்பு, சீமைக்கருவேலம், அதன் பின் சட்டென்று இருபுறமும் தண்ணீர். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; கடலுக்குத் திறக்கும் தெற்கு முகத்துவாரம் தமிழ்நாட்டில். ஆரணியாறும் காலங்கியும் கொண்டுவரும் நல்ல தண்ணீர் இங்கே கடல் நீரோடு கலக்கிறது. முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டால் இறால் வராது, இறால் வராவிட்டால் ஊரில் அடுப்பு எரியாது. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடத்தில் இன்று புதர்தான் மிச்சம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. வந்தவர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பயணத்துக்குக் கோட்டையும் கல்லறையும் வழியில் வருபவை மட்டுமே. போக வேண்டிய இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், லைட் ஹவுஸ் குப்பத்தின் கடற்கரை.

ஏரியில் படகுச் சவாரி கேட்டு நிற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் நாளில், உல்லாசமாகக் கிளம்பிய ஒரு படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. சின்னப் படகும் பெரிய தண்ணீரும் சேரும் இடத்தில் ஆசையை மட்டும் நம்பி ஏறக் கூடாது என்பதற்கு அந்த 22 உயிர்கள் சாட்சி. திமிங்கிலத்தைப் பார்க்கப் போகிறவருக்கும் முதல் பாடம் இதுவே.

குப்பத்து மணலில் ஃபைபர் படகுகள் மூக்கைக் கடலுக்குக் காட்டி வரிசையாக நிற்கின்றன. கட்டுமரம் அநேகமாகப் போய்விட்டது; 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர்தான். ஒரு படகை அருகில் போய்ப் பார்த்தால் அளவு பிடிபடும். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஏறக்குறைய முப்பது அடி. நடுவில் வலைக் குவியல், ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன். பின்னால் நீளத் தண்டு வைத்த என்ஜின். நாலைந்து பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். வளர்ந்த கூன்முதுகுத் திமிங்கிலம் நாற்பதிலிருந்து ஐம்பது அடி நீளம், முப்பது டன் அளவுக்கு எடை. அதன் பக்கத் துடுப்பு ஒன்று மட்டுமே உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது இந்தப் படகில் பாதி. மணலில் நிற்கும் படகைக் காலடியால் அளந்துகொண்டே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவருக்கு அடிவயிறு ஒருமுறை சில்லிடும்.

வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, நீங்க திமிங்கிலம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டால் நேராகப் பதில் வருவதில்லை. கை வலையிலேயே இருக்க, அவர் திருப்பிக் கேட்கிறார்: "எது தம்பி? மீனா, மூச்சு விடுறதா?"

புத்தகங்கள் பத்திப் பத்தியாக விளக்குவதை இந்தக் கேள்வி நாலு சொல்லில் முடித்துவிடுகிறது. வால் நெட்டுக்குத்தாக நின்று இடமும் வலமும் வீசினால் அது மீன். வால் படுக்கையாக இருந்து மேலும் கீழும் அடித்தால் அது மூச்சு விடுகிற, பால் கொடுக்கிற பிராணி. மீன் என்று பெரியவர் சொன்னது திமிங்கிலச் சுறாவை. சென்னைக் கரை மீனவர்கள் அதை அம்மணி உழுவை என்பார்கள். நாற்பது அடிக்கும் மேல் வளரும் உலகின் மிகப் பெரிய மீன் இது. வாயை அகலத் திறந்துகொண்டு மிதவையுயிர்களை வடிகட்டித் தின்னும், ஆளைத் தொடாது. படகின் அடியில் மெல்ல வந்து நிற்கும் சாது. அதன் முதுகின் வெள்ளைப் புள்ளிகள் தண்ணீருக்குள் கோலப்பொடி சிந்தினாற்போலத் தெரியும்.

எண்ணூர் இங்கேதான் வருகிறது. இந்தியக் கரையில் எழுத்தில் பதிவான முதல் திமிங்கிலச் சுறா 1889இல் எண்ணூரில் கிடைத்தது. அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அதை எழுதிவைத்தார். மீஞ்சூரிலிருந்து எண்ணூர் ரயிலில் சில நிமிட தூரம். இந்தியாவில் இந்த மீனைப் பற்றிய முதல் வரி இந்தக் கரையில் எழுதப்பட்டது என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2001இல்தான், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்த மீன் சேர்ந்தது. அதுவரை குஜராத்தின் வேராவல் கரையில் கொக்கியும் பீப்பாயும் கட்டி அதைக் கொன்றார்கள். பின்னாளில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்த மீனைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். கொன்ற கைகளே வலையை அறுத்து அதை விடுவிக்கத் தொடங்கின.

சரி, மூச்சு விடுகிறது?

பழவேற்காட்டுக் கடல் கரையோரம் ஆழம் குறைந்தது. மணல் திட்டுகள் நிறைந்தது. கலங்கரை விளக்கம் இங்கே நிற்பதற்குக் காரணமே அதுதான். ஓங்கில்களுக்கு இந்த ஆழம் போதும். பெரிய திமிங்கிலங்கள் வெகு தூரம் கிழக்கே, அடித்தளம் சரிந்து இறங்கும் இடத்துக்கு அப்பால் போகும். கரையில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் அவற்றின் உடல்தான், உயிரோடு அல்ல. கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு வங்காள விரிகுடா வழக்கமான வீடும் இல்லை. அதன் வீடு மேற்கே, அரபிக்கடலில்.

உலகின் மற்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் துருவத்துப் பக்கம் போய் இரையெடுத்து, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடை அது. அரபிக்கடல் கூட்டம் அப்படிப் போவதில்லை. இரையும் இனப்பெருக்கமும் இங்கேயே. ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் தனித்து வாழ்வதாக மரபணு ஆய்வு சொல்கிறது. ஓமான் கரையில் இருப்பவை நூறுகூடத் தேறாது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெரும் பாவம் இருக்கிறது. 1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளை ஒட்டி 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேச விதியை மீறிய, கணக்கில் மறைக்கப்பட்ட வேட்டை. சோவியத் நாடு உடைந்த பிறகே உண்மை வெளியே வந்தது. இன்று அங்கே நூற்றுக்குக் கீழே இருப்பதையும் அன்று ஒரே மாதத்தில் போன 242ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்கும் தமிழ்க் கடலுக்கும் என்ன உறவு? முதலில் பாட்டு வந்தது. கூன்முதுகு ஆண்கள் பாடும். ஒரு பாட்டு பத்து, இருபது நிமிடம் போகும். முடிந்ததும் அதே வரிசையில் மறுபடி தொடங்கும். ஒரே கூட்டத்து ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும், வேறு கடலில் வேறு பாட்டு. 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தகட்டில் மனிதக் குரல்களோடு இந்தப் பாட்டும் போயிருக்கிறது. 1982இல் ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளரும் துணைவர்களும் 'ட்யூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகில் வட இந்தியப் பெருங்கடலைச் சுற்றியபோது ஓமான் கடலிலும் இலங்கைக் கடலிலும் கூன்முதுகின் பாட்டைப் பதிவு செய்தார்கள். இரண்டும் ஒத்திருந்தன. ஒரே கூட்டம் இரு கரைக்கும் வந்துபோகிறதோ என்ற ஐயம் அன்றே எழுந்தது.

அதற்கு வலுவான தடயம் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின. 2017 நவம்பரில் ஓமானின் மசீரா வளைகுடாவில் ஆய்வாளர்கள் ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினார்கள். அதன் பெயர் லுபான். அரபு மொழியில் குந்திரிக்கம் என்று பொருள். அதற்கு முன் கருவி பொருத்தப்பட்டவை ஓமான், ஏமன் கரைகளை விட்டு நகரவில்லை. லுபான் நேராகக் கிழக்கே திரும்பியது. அரபிக்கடலைக் குறுக்கே நீந்தி டிசம்பரில் கோவாவுக்கு அருகே வந்தது. பின் கேரளக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, 2018 தொடக்கத்தில் குமரிமுனைப் பக்கம் வந்து சேர்ந்தது. நம் கன்னியாகுமரி மீனவர்கள் இரவில் தூண்டில் போடும் கடல் அது. எத்தனை படகுகளின் அடியில் லுபான் கடந்து போயிருக்கும் என்று கரையில் யாருக்கும் தெரியாது.

அப்படிக் கருவி பொருத்தப் போவது பெரிய கப்பலில் அல்ல. நம் ஃபைபர் படகைவிடச் சிறிய படகில்தான் நெருங்க வேண்டும். திமிங்கிலம் மூழ்கிய இடத்தில் வாலின் வீச்சால் ஒரு வட்டம் எழும். சுற்றிலும் அலை இருக்க, அந்த இடம் மட்டும் எண்ணெய் ஊற்றினாற்போல வழவழப்பாகக் கிடக்கும். படகோட்டி அதைப் பார்த்துத்தான் திசை கணிக்கிறார். பிறகு காத்திருப்பு. பத்து நிமிடம், சில சமயம் இன்னும் அதிகம். திடீரென்று அழுத்தக் குழாய் திறந்தாற்போல ஒரு சத்தம். ஆள் உயரத்துக்கும் மேலே நீர்த்தூவல் எழுந்து காற்றில் சாய்ந்து முகத்தில் விழும். அழுகிய மீனின் வாடை. அப்புறம் தலை. அதன் மேல் எலுமிச்சை அளவு முண்டுகள். ஒவ்வொரு முண்டிலும் தடித்த மயிர் ஒன்று நிற்கும். பின்பு ஒரு கண், உடம்பின் அளவுக்குச் சிறியது, சாத்துக்குடி அளவு. அது படகைப் பார்க்கும். பார்ப்பது படகில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆழத்துக்கு இறங்கும்போது முதுகை வில்லாக வளைக்கும். அந்த வளைவால்தான் கூன்முதுகு என்ற பெயர். கடைசியாக வால் மேலே வரும். வாலின் அடிப்புறத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. லுபானை லுபான் என்று சொல்ல முடிவது அதைப் பார்த்துத்தான்.

இப்படி ஒரு சந்திப்பு நல்லபடியாக முடிவதும் முடியாததும் படகில் இருப்பவர் கையில் இருக்கிறது. துரத்தினால் ஓடும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே படகு புகுந்தால் ஆபத்து. என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், விருப்பமிருந்தால் அதுவாக வரும்.

தமிழ்ப் படகுகளுக்கும் திமிங்கிலங்களுக்கும் நேர்ந்த பெரிய சந்திப்பு ஒன்றைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. 1973 ஜனவரியில், பொங்கல் நாளில், மணப்பாடு கரையில் 147 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து, மறுபடியும் ஜனவரியில், 2016ஆம் ஆண்டு 11ஆம் தேதி மாலை, அதே மணப்பாடு, ஆலந்தலைப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்டவை கரையேறின. மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். வாலில் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. மறுபடி இழுத்தார்கள், மறுபடி வந்தன. இந்த இனம் குடும்பமாக வாழ்வது. ஒன்று கரையில் கிடந்தால் மற்றவை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றும் என்பது அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. நாற்பதுக்கும் மேல் இறந்தன. அன்று தொழிலை விட்டுவிட்டுத் தண்ணீரில் நின்றவர்களுக்கு அதனால் ஒரு காசு வருமானம் இல்லை.

உயிரோடு, கிட்டத்தில், சின்னப் படகிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் தமிழ் பேசும் ஊர்களில் அதற்குப் பெயர் திருகோணமலை. கோணேசுவரம் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிறது. துறைமுக வாசலுக்கே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு வந்து முட்டுகிறது. வெளியே போகப்போக அதன் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். பழவேற்காட்டிலிருந்து பல மணி நேரம் ஓடினால் வரும் ஆழம் அங்கே கோயில் வாசலில் இருக்கிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் அங்கே கரையிலிருந்தே தெரிகின்றன. மார்ச், ஏப்ரலில் உப்புவெளி, நிலாவெளியிலிருந்து ஃபைபர் படகுகள் விடியலில் கிளம்புகின்றன. இலங்கையின் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் இந்தத் தொழில் இன்னும் பெரியது. கூன்முதுகு அந்தக் கடலில் எப்போதாவது தட்டுப்படும் விருந்தாளி.

இங்கேதான் பழவேற்காட்டின் ஒரு பழைய ஏற்பாடு நினைவுக்கு வர வேண்டும். ஏரியில் இறால் பிடிக்கப் பாடு என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். பலசாலி முந்திக்கொள்ள முடியாது. இடத்துக்கும் ஓய்வு கிடைக்கும். கடலறிவுள்ள மக்கள் தாங்களே கண்ட நியாயம் அது. திமிங்கிலம் பார்க்கும் கடலில் இன்று இல்லாதது அதுவே. ஒரு நீர்த்தூவல் தெரிந்ததும் பத்துப் பதினைந்து படகு நாலாபக்கமும் பாய்கின்றன. 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி இலங்கையில் 2012 முதல் இருக்கிறது. படகில் ஏறியவர் "இன்னும் கிட்டப் போங்கண்ணே" என்று கெஞ்சினால் படகோட்டிக்கு விதி மறந்துபோகிறது. கிட்டப் போகச் சொல்கிறவர் நாம்தான். திமிங்கிலத்துக்கும் ஒரு பாடு முறை வேண்டும்: ஒரு நேரத்தில் இரண்டு படகு, மற்றவை காத்திருக்கட்டும்.

படகுகளைவிடப் பெரிய ஆபத்து கப்பல்கள். இலங்கையின் தென்கரையை ஒட்டிப் போகும் உலகக் கப்பல் பாதை நீலத் திமிங்கிலங்கள் இரையெடுக்கும் இடத்தின் மேலேயே போகிறது. கப்பலின் முன்பகுதியில் மாட்டிக்கொண்டு துறைமுகம் வரை வந்து சேர்ந்த உடல்கள் உண்டு. ஆஷா டி வோஸ் போன்ற ஆய்வாளர்கள் பாதையைச் சில மைல் தெற்கே தள்ளச் சொல்லிப் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. ஒரு கோடு நகர்ந்தால் உயிர் பிழைக்கிறது.

பழவேற்காட்டு மணலில் நின்று தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளியின் கிரேன்கள் தெரிகின்றன. அதற்கு அப்பால் 2001இல் திறந்த எண்ணூர் காமராஜர் துறைமுகம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது பரவிய எண்ணெயைத் தொண்டர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். வீடு, வலை, படகு எல்லாவற்றிலும் கறுப்பு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இந்தக் கடலில் பெரிய உயிர்கள் வாழ முடியுமா என்ற கேள்வியும் இந்தக் குப்பங்கள் பிழைக்குமா என்ற கேள்வியும் ஒன்றுதான்.

வலையும் ஓர் ஆபத்துதான். ஓமானின் கூன்முதுகுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்பில் வலைக்கயிறு அறுத்த தழும்போடு திரிகின்றன. வலை விரிப்பவன் எதிரி அல்ல. திமிங்கிலம் மாட்டினால் அவனுக்கும் நஷ்டம், சிலசமயம் உயிருக்கே மோசம். வலையை அறுத்தால் மாதக்கணக்கான கடன் தலையில் ஏறும். மகாராஷ்டிரத்தில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடலுயிரை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை அரசு இழப்பீடு தருகிறது. பாக் நீரிணையில் கடற்பசுவை விடுவித்த மீனவர்களைத் தமிழ்நாடு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. அம்மணி உழுவைக்காகவோ ஆமைக்காகவோ என்றாவது வழிதவறி வரும் ஒரு கூன்முதுகுக்காகவோ வலையை அறுக்கும் பழவேற்காட்டு மீனவருக்கும் அலைச்சலில்லாமல், அந்த வாரமே, வலையின் முழு விலை கைக்கு வர வேண்டும். கூடவே, குப்பத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்த நாளில் எந்த ஆழத்தில் என்ன பார்த்தார்கள் என்று மீனவர்களிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். 1889இல் எண்ணூரில் தொடங்கிய பதிவை அவர்களைவிடத் தகுதியோடு தொடரக் கூடியவர் இந்தக் கரையில் யாரும் இல்லை.

திருகோணமலைக்கோ மிரிஸ்ஸவுக்கோ போகிறவர்கள் மிதவைச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். நீர்த்தூவல் தெரிந்ததும் படகோட்டியிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணே, என்ஜினை நிறுத்துங்க."